மேவிஸ் பிரீஸ் குதித்த பதினெட்டு வருஷம்

மேவிஸ் பிரீஸுக்கு வாரநாட்களில் இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயர் பள்ளிக்கூடத்தில் கஸ்டர்ட் கிண்டும் வேலை. பிப்ரவரியில் ஒரே ஒரு ஞாயிறு, குதிக்கும் வேலை.

கணவர் டென்ஸிலிடம் 1930-இல் செய்த, கூரையில்லாத இரண்டு இருக்கைக் கார் ஒன்று உண்டு. எந்தக் கம்பெனி என்று எழுதினால் மற்றக் கம்பெனிக் கார்க்காரர்கள் என் வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள். இந்த வயதுக் கார்களைத் துடைத்துப் பூட்டி வைப்பவர்கள் வேறு ஜாதி. எங்கள் ஆட்கள் அந்த பிப்ரவரி ஞாயிறு அவற்றைச் சேற்று மலையில் ஏற்றிப் பந்தயம் விடுவார்கள். பின்சக்கரம் வழுக்கினால் பக்கத்து இருக்கைக்காரர் எம்பி எம்பிக் குதிக்க வேண்டும். பாரம் விழுந்து சக்கரம் மண்ணைக் கவ்வும்.

பதினெட்டு வருஷம் மேவிஸ் குதித்தார். பதினெட்டு வருஷமும் கார் உச்சிக்கு இருபதடி கீழே நின்றது. டென்ஸிலும் ஒவ்வொரு வருஷமும் ஒன்றையே சொன்னார்: "கொஞ்சம் லேட்டா குதிச்சுட்ட மேவிஸ்."

இந்த ஜனவரியில் மேவிஸுக்கு முழங்கால் வீங்கியது. குதிக்கவே கூடாது என்றார் டாக்டர். பக்கத்தில் ஆள் இல்லாமல் மலையேறப் பந்தய விதி இடம் தராது. டென்ஸில் ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார். அவர் வாய்க்குப் பயந்து ஒருவரும் வரவில்லை.

"ஸ்டியரிங்க என்கிட்ட குடு. நீ குதி," என்றார் மேவிஸ்.

"என்னைத் தவிர யாரும் இத ஓட்டினதில்ல."

"சரிப்பா. ஞாயித்துக்கிழமை வீட்லயே இரு. டீ போட்டுத் தரேன்."

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு டென்ஸில் சம்மதித்தார். குடைக்கம்பி உடம்பு அவருக்கு.

மலையில் டாக்டரோடு வேடிக்கை பார்க்க நின்ற எனக்கு மேவிஸின் குரல்தான் கேட்டது. "குதி. இன்னும். பூனை மாதிரி இறங்காத, தொப்புன்னு உக்காரு."

அந்த இருபதடி வந்தது. வழக்கமாக டென்ஸில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து நசுக்கும் இடம். மேவிஸ் அங்கே காலை லேசாக எடுத்தார். சக்கரம் வெறுமனே சுற்றுவதை நிறுத்தியது. கார் முனகிக்கொண்டே ஊர்ந்து, ஊர்ந்து, உச்சியில் போய் நின்றது.

டென்ஸில் மீசையிலிருந்து சேற்றை வழித்தார். கண் கலங்கியிருந்தது, சேறு பட்டிருக்கலாம்.

"எப்படிக் குதிச்சேன், பாத்தியா?"

"பாத்தேன். கொஞ்சம் லேட்டு," என்று அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, மேவிஸ் கார் விளிம்பைத் தாண்டி ஒரே எம்பலில் கீழே குதித்தார்.

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் வானத்தைப் பார்த்தார்.