ராடிமின் காளான் இடமும் தேனீ டூல்பாரும்

அந்த ஊரில் யார் வீட்டில் எத்தனை பேர், எத்தனை நாளைக்கு ஒரு முறை குளிக்கிறார்கள் என்பது ராடிமுக்குத் தெரியும். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. இருபத்தேழு வருடமாக ஊரின் எல்லா நிலவறைகளிலும் இறங்கி ஏறியவர். பாதிரியாரின் தோட்டத்துக்கு மீட்டரைத் தொடாமல் ஒரு குழாய் போவதும், மருந்துக்கடைக்காரர் மனைவியோடு சண்டை போடுகிற மாதங்களில் தண்ணீர் இரண்டு மடங்கு ஓடுவதும் அவருக்கு அத்துப்படி. அதையெல்லாம் மனதுக்குள் பூட்டி வைத்தார் என்று சொன்னால் மதுக்கடையில் சிரிப்பார்கள்.

ஆனால் அவருக்கென்று ஒரே ஒரு ரகசியம் இருந்தது. காட்டில் ஓர் இடம். செப்டம்பர் மழைக்குப் பிறகு தடித்த தண்டும் பழுப்புக் குல்லாவுமாகக் காளான் அங்கே திமுதிமுவென்று கிளம்பும். செக் நாட்டில் காடு எல்லோருக்கும் பொது. யார் காட்டிலும் யாரும் கூடையோடு நுழையலாம். அதனால் இடத்துக்குப் பூட்டு என்றால் அவனவன் வாய்தான். அங்கே ஒருவனிடம் சம்பளம் கேட்கலாம், மூலம் இருக்கிறதா என்று கேட்கலாம், பெண்டாட்டி ஏன் ஓடிப் போனாள் என்றுகூடக் கேட்கலாம். காளான் எங்கே பறித்தாய் என்று கேட்டால் பீர் டம்ளர் பறக்கும்.

ராடிம் தன் பழைய ஸ்கோடா காரை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு, எதிர்த்திசையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து, குவாரியைச் சுற்றிக்கொண்டு இடத்துக்குப் போவார். மனைவி ஜிட்காவிடம்கூட இருபத்தாறு வருடமாகச் சொன்னதில்லை. அவளிடம் சொன்னால் அவள் அண்ணன் லுபோஷுக்குத் தெரியும். செப்டம்பர் கடைசியில் வரும் புனித வாட்ஸ்லாவ் திருநாளன்று ஊர் மதுக்கடையில் யார் காளான் கனம் என்று நிறுத்துப் பார்க்கிற போட்டி நடக்கும். ஒன்பது தடவை ராடிம் முதல். அந்த ஒன்பது தடவையும் லுபோஷ் இரண்டாவது. மச்சானின் முகத்தை அந்த நேரத்தில் பார்ப்பதற்காகவே மீதிப் பதினோரு மாதமும் ராடிம் உயிர் வாழ்ந்தார் என்றால் மிகையில்லை.

2006-இல் மகள் ஷார்கா தன் பழைய கம்ப்யூட்டரை அப்பா வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். ஜிட்கா அதில் உட்கார்ந்தாள். எது எதைக் கேட்டாலும் "சரி" என்று அழுத்துவாள்.

"மரியாதையாக் கேக்குறான், வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்பாள்.

ஒரே மாதத்தில் திரையின் மேல் பட்டை பட்டையாக நான்கு டூல்பார்கள், மாடிமேல் மாடியாக. ராசிபலனுக்கு ஒன்று, பூனைக்குட்டிப் படத்துக்கு ஒன்று, தள்ளுபடிக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே தேனீப் படம் போட்ட ஒன்று, வானிலை சொல்லும். இணையப் பக்கம் என்று ஒன்று நிலவறை ஜன்னல் அளவுக்கு அடியில் மிச்சமிருந்தது.

ராடிமுக்கு அந்த ஜன்னல் போதும். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைக் காட்டும் வரைபடம் ஒன்று கிடைத்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தன் இடத்துக்கு நேர் மேலே போய் நிற்பார். பட்டாளத்தில் இருக்கும் பிள்ளையின் போட்டோவைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பிறகு தேனீயிடம் மழை உண்டா என்று கேட்பார்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை சின்னப் பெட்டி ஒன்று தானாக வந்து நின்றது. "தேனீ புதுப்பிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை." அடியில் பொடி எழுத்தில் நாலரைப் பக்கம் நிபந்தனை. அந்த நாட்டில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் ராடிமாகத்தான் இருப்பார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: சேவையை மேம்படுத்தும் பொருட்டு, தாங்கள் பார்க்கும் பக்கங்களின் முகவரிகள் எங்களுக்கு அனுப்பப்படலாம்.

மறுநாள் காலை திரையின் ஓரத்தில் ஒரு விளம்பரம். காளான் உலர்த்தும் இயந்திரம், பாதி விலை.

ராடிம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இது என்னைப் பாத்துக்கிட்டே இருக்கு" என்றார் ஜிட்காவிடம்.

"எது?"

"தேனீ."

"பாத்துட்டுப் போகட்டுமே. இந்த வீட்ல வேற யாரு உன்னைப் பாக்குறா?"

"நான் எங்கெங்க போறேன்னு பிராகாவுல இருக்குற கம்பெனிக்குச் சொல்லுது."

"நீ எங்கய்யா போற? கண்டவன் வீட்டு நிலவறைக்குப் போற. அங்கல்லாம் கேட்டுட்டா எட்டிப் பாக்குற?"

"அது உத்தியோகம்."

"அதுவும் அதைத்தானே சொல்லுது."

ராடிம் தேனீயை அழித்தார். அடுத்த வியாழக்கிழமை அது திரும்பி வந்தது. மூன்று தடவை இப்படி. வந்த கோபத்தில் அந்தக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். குரலில் தேன் சொட்டியது.

"சார், கவலையே படாதீங்க. நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது."

"நான் யாருன்னு தெரிஞ்சா என்னம்மா, தெரியாட்டி என்ன? எங்கன்னு தெரியுமா, தெரியாதா?"

"எங்க கூட்டாளிகளுக்கு மட்டும்தான் சார் தகவல் கொடுப்போம்."

"எத்தனை பேரு?"

"நூத்து நாப்பது கம்பெனி சார்."

ராடிமின் கண்முன் நூற்று நாற்பது கூடைகள் வந்து நின்றன. தலைநகர் பிராகாவிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து இறங்கும் ஜனம், அவர்கள் கையில் பளபளவென்று புதுக் கத்தி. பறிக்கத் தெரியாமல் வேரோடு பிடுங்கிப் போடுவார்கள். இந்தப் பயம் முழுப் பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்வதற்கில்லை. தகவல் போனது நிஜம். அதை வைத்து இயந்திரம் விற்கப் பார்த்ததும் நிஜம். அந்த நூற்று நாற்பது பேரில் ஒருவனுக்காவது காலில் சேறு பட நடக்கிற எண்ணம் இருந்திருக்குமா என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

யோசித்தது வேறு. வாரியத்தின் சாமான் அறையில் நீல வெள்ளைத் தகரப் பலகைகள் கிடந்தன. "நீர் ஆதாரப் பாதுகாப்புப் பகுதி. உள்ளே நுழையத் தடை." பிராகாக்காரன் சட்டத்துக்குப் பயந்தவன், பலகையைக் கண்டால் திரும்பிவிடுவான். ராடிம் ஐந்து பலகைகளையும் ஐந்து கம்பங்களையும் எடுத்துக்கொண்டு போய், இடத்தைச் சுற்றி வளைத்து நட்டார். மட்டம் பார்த்து, புதுத் திருகாணி போட்டு, அரசாங்க வேலை தோற்கும்படி நட்டார். நட்ட பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தன்னைப் பின்தொடர்ந்து யாராவது வந்துவிட்டால்? இரண்டு வாரம் நல்ல மழை. அவர் வீட்டில் உட்கார்ந்து நகம் கடித்தார்.

திருநாளும் வந்தது. ராடிம் ஆற்றோரத்தில் பொறுக்கிய சோப்ளாங்கிக் காளான் ஒன்றை மதுக்கடைத் தராசில் வைத்தார். முந்நூற்றுப் பத்து கிராம். ஒருவன் இருமினான். அடுத்து லுபோஷ் வந்தார். இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தார். ஒரு கிலோ நூற்று எண்பது. பழுப்புக் குல்லா ரொட்டி மாதிரி மினுமினுத்தது. பார்த்ததுமே ராடிமுக்குத் தெரிந்துவிட்டது. தன் பிள்ளையை அடுத்தவன் தோளில் பார்ப்பவனுக்குத் தெரியாதா?

"எங்க, மச்சான்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியை அந்த ஊரில் யாரும் முடித்ததில்லை.

லுபோஷ் அவசரப்படவில்லை. பீர் நுரையை வழித்துவிட்டுச் சொன்னார். "இருவது வருஷம் மாப்ள. உன் கார் பின்னால வந்திருக்கேன். உன் பூட்ஸ்ல ஒட்டின மண்ணை மோந்து பாத்திருக்கேன். ஒண்ணும் நடக்கல. போன வாரம் நாயைக் கூட்டிட்டு குவாரிப் பக்கம் போறேன், வாரியம் பலகை நட்டிருக்கு. அந்த மேட்டுல எங்க பாட்டன் காலத்துலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. இந்த ஊர்ல பலகை யாருகிட்ட இருக்குன்னு நாய்க்குக்கூடத் தெரியும்."

"அது வந்து... ஆய்வு நடக்குது" என்றார் ராடிம்.

"நடக்கட்டும், நடக்கட்டும். நல்ல ஊத்து மாப்ள. நாலு கூடை எடுத்தேன், இன்னும் வத்தல."

கடை முழுக்கச் சிரித்தது. ராடிமுக்கு வாயைத் திறந்து திட்டவும் வழியில்லை. திட்டினால் இடம் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். மிச்சமிருந்த பீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். தேனீயின் மேல் பழி போடலாமா என்று வழியெல்லாம் தேடிப் பார்த்தார், தோதாக ஒன்றும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை வாரிய அதிகாரி கூப்பிட்டார். குவாரி மேட்டில் தண்ணீர் கண்டுபிடித்தது யார், தனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டார். ராடிம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். பலகைகளுக்குள்ளே ஏழு பேர் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் உள்ளூர். ஒருவர் பாதிரியார். ராடிமைக் கண்டதும் நிமிர்ந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று மனதார விசாரித்தார். ராடிம் தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு பலகையாகத் திருகாணி கழற்றினார். கம்பங்களைத் தோளில் தூக்கி வந்து சாமான் அறையில் அடுக்கினார். ஒப்படைப்புச் சீட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ராடிம் அதில் எழுதினார்: "பாதுகாக்க எதுவும் இல்லை."