கோப்பேங் விளக்கருகே பதிவானது

சுங்காய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் நானும் ஓர் அக்காவும் ஆசிரியைகள். இருவருக்கும் வீடு ஈப்போவில். தினமும் என் காரில்தான் போய்வருவோம். சென்ற ஆண்டு முன்கண்ணாடியில் ஒரு கேமரா பொருத்தினேன். வேண்டுமென்றே மோதவைத்து இன்சூரன்ஸ் பணம் பறிக்கும் ஆட்களைப் பற்றி அப்போது எங்கும் பேச்சாக இருந்தது.

முதல் நாளே அக்கா கேட்டார். "இது நாம பேசுறதையும் புடிக்குமா?"

பிடிக்கும் என்றேன். சில நாள் காரில் பேச்சே இல்லை. பிறகு இருவரும் அதை மறந்துவிட்டோம்.

ஒரு பிற்பகல் திரும்பி வரும்போது, "கோப்பேங்ல நிறுத்து மா, பீசாங் கோரேங் வாங்கிக்கலாம்" என்றார் அக்கா. வெயில் கொளுத்தியது. அவர் இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு நான் மட்டும் போனேன். பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தோடு திரும்பியபோது அவர் கைப்பேசியை அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சிவப்பு விளக்கில் ஒரு பழைய வெள்ளைக் கார் எனக்கு முன்னால் நின்றது. நானும் நின்றேன். திடீரென்று அது பின்னால் வரத் தொடங்கியது. நான் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து இடித்தது.

அதிலிருந்து இறங்கியவன் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான். "என்னக்கா, பாத்து ஓட்டக் கூடாதா? பின்னால வர்ற காடி மேலதான் தப்பு, தெரியும்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் சைக்கிளில் நின்ற ஒருவன், "நான் பாத்தேன், இவங்கதான் முட்டுனாங்க" என்றான். அவனை யாரும் கேட்கவே இல்லை. கேமரா இருப்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை. வெள்ளைக் கார்க்காரன் குனிந்து அக்காவைப் பார்த்தான். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா." அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

போலீஸ் பாலாயில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று வழியில் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அந்தப் படத்தைக் குடுக்கணுமா? வேணாம் மா. எப்படியாச்சும் பேசி முடிச்சிடு."

"நம்ம மேல தப்பே இல்லையேக்கா."

"சத்தத்த அழிச்சிட்டுக் குடுக்க முடியாதா?"

பதிவில் கையே வைக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் முகவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

வீட்டில் மோதிய இடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. ஆனால் மனம் அக்காவிடமே போனது. நிறுத்தச் சொன்னது அவர். யாரிடமோ போனில் பேசியதும் அவர். அந்த ஆள் கேட்டபோது எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், யாரோ ஒருவனுக்கு என் கார் வரும் நேரத்தைச் சொல்லியிருப்பாரா? அப்படி நினைக்கவே கூசியது. ஆனாலும் நினைத்தேன்.

மறுநாள் அக்கா, தானும் பாலாய்க்கு வருவதாகச் சொன்னார். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. விசாரணை அதிகாரி மலாய்க்காரர். பதிவைக் கணினியில் போட்டு ஆரம்பத்திலிருந்தே ஓடவிட்டார். திரையில் பீசாங் கோரேங் கடை. கூடவே அக்காவின் குரல்.

"இல்லடி, அவகிட்ட இன்னும் சொல்லல. அவர விட்டு வந்துட்டேன்னு எப்படிச் சொல்ல? தெனமும் பழைய வீட்டு முன்னாலதான் எறக்கி விடுறா. காடி திரும்புற வரைக்கும் வாசல் கேட்டப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். அப்புறம் ரூமுக்கு நடந்துடுவேன். காலையிலயும் அங்கதான் வந்து நிக்கிறேன். பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா பேசியே கொன்னுடுவாங்க லா."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் திரையிலேயே கண்ணாக இருந்தார். அந்த அறையில் அக்காவைத் தவிர அதைப் புரிந்துகொண்டது நான் ஒருத்திதான். அக்கா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குக் காது சுட்டது.

வெள்ளைக் கார் பின்னால் வந்ததும் அதிகாரி நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தார். "இவன்தான் ரிவர்ஸ் எடுத்திருக்கிறான்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பிறகு சம்மன் அவனுக்குத்தான் போனது. விபத்தில்லாமல் ஓட்டுவதற்குக் கிடைக்கும் என் இன்சூரன்ஸ் கழிவும் குறையவில்லை. மோட்டார் சைக்கிள்காரன் சாட்சி சொல்ல வரவே இல்லை. அவனும் வெள்ளைக் கார்க்காரனும் கூட்டா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்து காரில் ஏறினோம். அக்கா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு மடியைப் பார்த்தபடி இருந்தார். ஆறுதலாக எதையாவது சொல்ல நினைத்தேன். சொன்னால் அழுதுவிடுவார் போலிருந்தது.

"எங்கக்கா எறக்கி விடட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

"மெங்லெம்பு. மார்க்கெட்டுக்குப் பின்னால, கடை மாடியில" என்றார்.

அன்று மாடிப்படி வரைக்கும் அவருடைய புத்தகப் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் தேநீர் போடப் போனார்.