கேட்டுக்கு வெளியே நின்ற அப்பா

அப்பா நம்மைவிட்டுக் கடந்துபோய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது அழுகை வரும் என்றுதான் கைக்குட்டையோடு உட்கார்ந்தேன். வந்தது சிரிப்பு. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் கதையை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுத என்னால் ஆகாது. அவர் எதையும் அப்படிச் செய்ததில்லை.

அப்பா பிறந்தது தென்தமிழ்நாட்டில், நாசரேத்துக்குப் பக்கத்தில். பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்தார். அப்போது சித்தப்பாவுக்கு நான்கு வயது. பத்தொன்பதாவது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு ரயிலேறி வந்து, ஹைதராபாத்தை ஒட்டிய போலாரத்தில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் தம்பியையும் வரவழைத்துப் பள்ளியில் சேர்த்தார். சித்தப்பாவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்ததும், வேலை தேடிக் கொடுத்ததும், பெண் பார்த்ததும் அப்பாதான். எனவே அப்பாவுக்கு மூத்த பிள்ளை நான் அல்ல, சித்தப்பாதான். இதைச் சொல்லி நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

அப்பாவின் சிரிப்பைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பழைய ஸ்கூட்டரை உதைக்கிற மாதிரி இரண்டு முறை இழுத்து, மூன்றாவது முறைதான் பிடிக்கும். பிடித்துவிட்டால் தெருவுக்கே கேட்கும். அந்தச் சிரிப்பு ஏழு ஆண்டுகள் எங்கள் வீட்டில் கிளம்பவே இல்லை. ஏன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று அப்பாவே என்னிடம் சொல்லியிருந்தார்.

ஊரே மென்பொருள் படிக்க அமீர்பேட்டுக்கு ஓடிய காலம் அது. சித்தப்பா மகள் கிருபாவும் ஓடினாள். ஜாவாவோடு சேர்த்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த சீனு என்ற தெலுங்குப் பையனையும் கண்டுபிடித்தாள். சித்தப்பா யோசித்து, ஜெபித்து, சம்மதித்தார். அப்பாவோ, பையன் நம் சபை இல்லை, நம் பாஷை இல்லை என்று முறுக்கிக்கொண்டார். அப்பா அப்போது சபைச் செயலாளர் வேறு.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் ஆலய முற்றத்தில் நிற்கும்போது சித்தப்பா அழைப்பிதழோடு வந்தார்.

"அண்ணே, ஒங்க பேரத்தான் மொதல்ல போட்டிருக்கேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒருவர், "உங்க குடும்பத்துப் பொண்ணா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"எங்க குடும்பத்துல அப்படி ஒரு புள்ள கெடையாது" என்றார் அப்பா.

கிருபா நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா அழைப்பிதழைப் பையில் வைத்துக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறு வாரத்திலிருந்து அவர்கள் ஆங்கில ஆராதனைக்குப் போக ஆரம்பித்தார்கள். நாங்கள் உள்ளே போகும்போது அவர்கள் வெளியே வருவார்கள். ஒரே வாசல்தான். அப்பா அந்த நேரத்தில் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

பிறகு அப்பாவுக்கு இதயம் பலவீனமானது. அறுவை சிகிச்சையைத் தாங்காது, மருந்தோடு ஓட்டுவோம் என்றார் மருத்துவர். அதற்கு அப்பா அசரவில்லை. அவரை அசைத்தது அம்மாதான். ஒரு மாலை குடும்ப ஜெபத்தில், ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லும்போது, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்ற வரியில் அப்பா வழக்கம்போல் இருமினார். அம்மா கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"இந்த ஒரு வரிக்கு மட்டும் ஒங்களுக்கு எங்க இருந்துதான் இருமல் வருது? ஏழு வருசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அப்பா ஆமென்கூடச் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று பத்தி எழுதி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நடந்துகொண்டே மனப்பாடம் செய்தார். "அவன் மூஞ்சியப் பாக்காமப் போயிட்டா நான் எந்த மூஞ்சியோட ஆண்டவரப் பாப்பேன்?" என்றார். சனிக்கிழமை காலை என் ஸ்கூட்டரில் லோத்குண்டாவில் இருந்த சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினோம்.

இனி நடந்ததை எழுத எனக்குக் கை பரபரக்கிறது!

அப்பா மெலிந்து, சட்டை தொளதொளவென்று தொங்க, நான்கு நாள் தாடியோடு இருந்தார். கையில் அம்மா கொடுத்த அச்சு முறுக்கோடு ஒரு துணிப்பை. கேட்டுக்கு முன்னால் நின்று, முதல் பத்தியை ஞாபகப்படுத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பினார். உள்ளே வராந்தாவில், காதில் ஹெட்போனோடு, வெளிநாட்டு அலுவலகத்துடன் பேசியபடி ஓர் இளைஞர் நடந்துகொண்டிருந்தார். சீனுதான். கல்யாணத்துக்கே போகாத அப்பாவை அவருக்கு எப்படித் தெரியும்? கூப்பிய கையையும் பையையும் அரைப் பார்வை பார்த்துவிட்டு, கையை ஆட்டிச் சொன்னார்:

"மாஃப் கரோ பாபா, ஆகே தேக்கோ."

ஹைதராபாத்தில் வாசலில் பிச்சை கேட்பவரை அனுப்ப எல்லோரும் சொல்வது அதுதான். ஒன்றும் இல்லை, அடுத்த வீட்டைப் பார் என்று பொருள். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பக்கத்தில் ஏதோ இழுக்கும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது!

அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். "ஏட்டி, கேட்டியா? என்னை மன்னிச்சிடுங்கன்னு சொல்றாருட்டி! நான் கேக்க வந்தத அவரு மொதல்ல கேட்டுட்டாரு!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து உரக்கக் கூவினார்: "ஹவ் பேட்டா! மாஃப் கர்தியா! அப் தும் மேரெகு மாஃப் கரோ!"

நான் மன்னித்துவிட்டேன் மகனே, இப்போது நீ என்னை மன்னி என்கிறார். சீனு ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திகைத்து நின்றார். உள்ளேயிருந்து சித்தப்பா, பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவருக்குச் சொல்லவா வேண்டும்!

"அண்ணே?"

மனப்பாடம் செய்த மூன்று பத்தியும் அப்பாவுக்கு மறந்துபோனது. "தம்பி, அன்னைக்கு நான் சொன்னது பாவம்லே. அவ நம்ம புள்ள. என்ன மன்னிச்சிரு" என்றார்.

சித்தப்பா கேட்டைத் திறக்கவில்லை. நுரை கழுத்தில் வழிய நின்றார். "ஏழு வருசம், அண்ணே. அவ எத்தன நாள் அழுதா தெரியுமா?" என்றார். அப்பா தலை குனிந்தார். இப்படியே திரும்பிப் போக நேர்ந்தால் அப்பா வீடுவரை தாங்குவாரா என்றிருந்தது எனக்கு.

கிருபாதான் வந்து தாழ்ப்பாளை எடுத்தாள். "கைக்கு பெரியப்பா இவ்வளவு லேட்டு? உள்ள வாங்க" என்றாள். இந்த ஊர் பாஷையில் 'கைக்கு' என்றால் 'ஏன்'. அப்பா அவள் தலையில் கை வைத்தார். அப்புறம்தான் சித்தப்பா உடைந்தார். அப்பாவின் சட்டையெல்லாம் சவர நுரை.

அப்பா அதோடு விடவில்லை. முற்றத்தில் சொன்னதை முற்றத்தில்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்றார். மறுநாளே ஆராதனை முடிந்ததும் அதே இடத்தில் நின்று, "எங்க குடும்பத்துல இப்படி ஒரு புள்ள இருக்கு. இது கிருபா. இது எங்க மருமகன். அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றார். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள்.

அதன்பின் பதினோரு மாதங்கள். மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப்போனது சீனுதான். வழியெல்லாம் கேள்வி கேட்பார். ஒரு நாள், "மாவய்யா, மேல எல்லாரையும் உள்ள விடுவாரா?" என்று, மாமா என்பதைத் தெலுங்கிலும் மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழிலுமாகக் கேட்டார். அப்பா சொன்னார்: "நான் போயி கேட் கிட்ட நின்னு மாஃப் கரோம்பேன். எப்பவோ பண்ணியாச்சு, உள்ள வாம்பாரு. அவரு ஹெட்போன் போட்டிருக்க மாட்டாருல்லா!" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கார் சிக்னலிலேயே நின்றுவிட்டது.

கடைசிக் காலையில் சித்தப்பா படுக்கையருகே உட்கார்ந்து ஜெபம் சொல்ல, அப்பா உதடசைத்துக் கூடவே சொன்னார். அந்த வரியும் வந்தது. அப்பா இருமவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்கள். நித்திய ஜீவன் என்று ஆலயத்தில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அது உண்மை என்று என் உடம்புக்கே தெரிந்தது அந்தக் காலையில்தான்.

கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும், சோறு வடித்து அனுப்பிய போலாரம் அண்டைவீட்டாருக்கும், பெட்டியைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் நன்றி. சீனுவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இப்போது கேட்டில் யார் நின்றாலும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத்தான் பேசுகிறார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அப்பா உங்களில் யார் மனதையாவது நோகடித்து, மன்னிப்புக் கேட்காமலே போயிருந்தால், அவருக்காக இன்று நாங்கள் உங்கள் வாசலில் கைகூப்பி நிற்கிறோம்.

மாஃப் கரோ.

அன்பு மகள்,
போலாரம்.