செருப்பில் தைத்த சிவப்பு நூல்

தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும். பிறகு நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். வருஷத்தில் எனக்குப் பிடித்த மாதம் அதுதான். வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது வந்து சொல்வார்கள். மனைவியைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வெடிக்குள் அடைக்கும் பொடியை நாங்கள் மருந்து என்போம். அதன் வெள்ளிக் கறை நகக்கண்ணை விட்டுப் போகப் பத்து நாள் ஆகும். அது போன பிறகு பிசைந்து சாப்பிடும் சோற்றுக்குத் தனி ருசி.

தெருவுக்கு ஒரு வீட்டில் செல்போன் இருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஒரு மாதத்தில்தான் அந்தக் கேள்வித்தாள் எங்கள் தெருவுக்கு வந்தது.

அதற்கு முன் ஆடி மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சீசன் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, நான் வேலை செய்த இடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி வேறொரு கம்பெனியில் வெடி விபத்து. எங்களுக்குச் சத்தம் கேட்டது, புகை தெரிந்தது. வேலையை நிறுத்தி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. மனைவி பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எங்கே போனாய் என்று நானும் கேட்கவில்லை. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

மறுநாள் காலையில் என் ரப்பர் செருப்பின் இரண்டு வாரிலும் சிவப்பு நூல் தைத்திருந்தது. சாக்கு தைக்கும் கோணூசியால் குத்தித் தைத்திருக்கிறாள். "எதுக்கு இது?" என்றேன். "கம்பெனியில மாறிப் போயிருதுல்ல" என்றாள். அது உண்மைதான். மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. அறைக்கு நாலு பேர், வாசலில் நாலு ஜோடி. எல்லோரும் ஒரே சந்தையில் வாங்கிய நீலவார் செருப்பு. சாயங்காலம் அவசரத்தில் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு போவது வழக்கம். அதனால் நம்பிவிட்டேன்.

ஆனால் அன்றிலிருந்து அவள் மத்தியானம் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். நான் வீடு திரும்பிய பிறகுதான் தட்டை எடுப்பாள். அவள் வேலை செய்த பிரஸ்ஸில் நோட்டு மடித்துக்கொண்டிருக்கும்போது எங்காவது 'டம்' என்றால் போதும், தெருவுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பாளாம். கல்குவாரி வெடிக்கும் அப்படித்தான். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிற அளவுக்கு இளைத்துப்போனாள். தீபாவளி வந்து கம்பெனி பூட்டியதும் பழையபடி ஆகிவிட்டாள். சாப்பிட்டாள், சிரித்தாள், என்னைத் திட்டினாள்.

அப்போதுதான் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் சிலர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் மாதம் என்று விசாரித்துத்தான் வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் காரியாபட்டிப் பக்கத்துப் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவை. வெடி விபத்துக்குப் பிறகு மனசில் பயம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். கேள்விக்கு நாலு பதில். இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், தினமும். இல்லவே இல்லை என்றால் முட்டை, தினமும் என்றால் மூன்று மார்க். மார்க் கூடினால் விருதுநகரில் டாக்டரைப் பார்க்கச் சீட்டு.

வாசலில் பாய் விரித்தோம். தெருவில் பாதி அங்கே கூடிவிட்டது.

"கடந்த ரெண்டு வாரத்துல, ஏதாவது கெட்டது நடந்துருமோன்னு பயம் வந்துச்சாக்கா?"

"இல்ல."

"தூக்கம் வராம இருந்துச்சா?"

"நல்லாத் தூங்குனேன்மா."

எதிர்வீட்டு அக்கா சும்மா இருக்கவில்லை. "அவளையா பயமான்னு கேக்குற? அவளப் பாத்து புருசன்தான் பயப்படணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியும் சிரித்தாள். அவளுடைய தாளில் எல்லாமே முட்டை.

அடுத்தது நான். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் கேள்வி கேட்க எழுப்பியபோது எப்படி நின்றேனோ, அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் பிள்ளை, சுற்றிலும் தெரு.

"அண்ணாச்சி, நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

அடித்துக்கொண்டுதான் இருந்தது. தலையை ஆட்டினேன்.

"உள்ளங்கை வேர்க்குதா?"

கையை விரித்துக் காட்டினேன்.

"நாலு பேருக்கு முன்னால பேச முடியாம நாக்கு ஒட்டிக்கிருதா?"

அதற்குப் பதிலே சொல்ல முடியவில்லை. அவள் தினமும் என்பதில் டிக் போட்டுக்கொண்டாள்.

என்னோடு ஒரே அறையில் மருந்து அடைக்கும் கூட்டாளி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "ஏலே, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மருந்துல கைய விட்டு அளையிற பய, ஒரு பிள்ள கேள்வி கேட்டதுக்கா இப்படி நடுங்குற?" என்றான். எனக்கு இன்னும் வேர்த்தது. என் மார்க் அந்தத் தெருவிலேயே அதிகம். அந்தப் பிள்ளை முகம் வாடி, அடுத்த மாதத்து வியாழக்கிழமை ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "கண்டிப்பா வாங்க அண்ணாச்சி. ஒன்னும் பயப்படாதீக" என்றாள்.

போவதாக எனக்கு எண்ணமே இல்லை. எனக்கு மருந்தறையில் பயம் கிடையாது, மனிதர்களிடம்தான். அதற்கு ஏது மாத்திரை? சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டேன்.

பூஜை போட்டுக் கம்பெனி திறந்தார்கள். முதல் நாள் வேலை முடிந்து, பூஜைப் பொரியோடு வீட்டுக்கு வந்தேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். உள்ளே அடுப்பு மேல் அவளுடைய மத்தியானச் சோறு அப்படியே மூடியிருந்தது. மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள் சீட்டை எடுத்தேன். "ஏ புள்ள, வியாழக்கிழம விருதுநகர் போகணும். எனக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்கு, நீயும் வா" என்றேன். அது பொய்யும் இல்லை.

பஸ்ஸில் ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'டாக்டரம்மா, சீக்கு எனக்கில்ல, இவளுக்கு.' சூலக்கரை தாண்டும்வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் பாதி வார்த்தை நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் அதே பிள்ளை நின்றிருந்தாள். என் தாள் மேஜைமேல் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "எப்பருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மனைவி இன்னும் உள்ளே வரவில்லை. வாசலில் குத்தவைத்து, குவியலிலிருந்து என் செருப்பை மட்டும் எடுத்து, தனியாகச் சுவரோரம், நூல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

தயார் செய்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. வேறொன்று வந்தது.

"டாக்டரம்மா, அந்தச் செருப்பைப் பத்தி அவகிட்டக் கேளுங்க."

அவர் கேட்டார். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அன்னைக்கு வெடிச்சது இவுக கம்பெனின்னுதான் பிரஸ்ல சொன்னாக. புகை தெரிஞ்ச பக்கமா ஓடுனேன். உள்ள விடல. கேட்டுக்கு வெளிய சாக்க விரிச்சு, அறை வாசல்ல கிடந்த செருப்பெல்லாம் வரிசையா வச்சிருந்தாக. உங்க வீட்டாளு செருப்பு இருக்கான்னு பாருங்கன்னாக. அம்புட்டும் நீலவாரு. எது இவுகளுதுன்னு எனக்குத் தெரியல டாக்டரம்மா. தெனமும் கழுவி வைக்கிற செருப்பு, எனக்கு அடையாளம் தெரியல. ஒன்னக் கையில எடுத்தேன். இதுவாம்மான்னு கேட்டாக. ஆமான்னு சொன்னா ஆமாவாயிருமோன்னு கீழ வச்சுட்டேன். அதுக்கப்புறம்தான், இது வேற கம்பெனின்னு ஒருத்தர் சொன்னாரு."

எனக்கும் அது அன்றுதான் தெரியும்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இத அன்னைக்கு ஏம்மா இந்தப் பிள்ளகிட்டச் சொல்லல?"

"அவ செருப்பைக் கேக்கலயே. ரெண்டு வாரமா பயமான்னு கேட்டா. ரெண்டு வாரமா இவுக வீட்டுலதான இருந்தாக. அதுவும் தெருவே உக்காந்திருக்கு, கெட்டத எப்படி வாயால சொல்ல?"

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். என் தாளைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'செருப்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அவள்மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. வெயிலில் வீடு வீடாக வந்து கேட்ட பிள்ளை. கையில் இருந்த தாளில் அவ்வளவுதான் இருந்தது.

டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் வெகுநேரம் பேசினார். அழுகைச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு சீட்டு இருந்தது, அடுத்து வரவேண்டிய நாள் எழுதியது. கம்பெனி ஓடும் மாதமாகப் பார்த்துப் போட்டிருந்தார். பிறகு ஒரு வருஷம் போய் வந்தோம்.

அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சூலக்கரை வருவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் ஸ்டாப் வந்தது. கண்டக்டர், "அண்ணாச்சி, எறங்கலையா?" என்று சத்தம் போட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வேறு நாளாக இருந்தால் செத்திருப்பேன். "அடுத்ததுல எறங்கிக்கிறோம், நீங்க போங்க" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

அடுத்த ஸ்டாப்பிலும் எழுப்பவில்லை. அதற்கடுத்ததில் அவளாகவே விழித்தாள். இறங்கி ஒன்றரை மைல் திரும்பி நடந்தோம். இருபக்கமும் மக்காச்சோளம் பச்சையாக நின்றிருந்தது. "எழுப்புறதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தாள். ஓடைப் பாலத்துக்கிட்டே வந்ததும் நின்று, "பசிக்குது" என்றாள்.