கைராசி இல்லாத மாப்பிள்ளை

எனக்குக் கைராசி இல்லை என்று முதலில் சொன்னவன் நான்தான். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து அரிசி மறைந்த பிறகு எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளி நட்டோம். நான் நட்ட குச்சிகள் காய்ந்துபோயின. பக்கத்து வீட்டு அண்ணன் கேலி செய்யும் முன் நானே முந்திக்கொண்டு, "நமக்குக் கைராசி கிடையாதுண்ணே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பிடித்துப்போய், மறுமுறை யாரும் கேட்காமலே சொன்னேன்.

எதையும் ஒழுங்காக நினைவில் அடுக்கி வைப்பது என் சுபாவம். அன்றுமுதல் காய்ந்த குச்சிகளை மட்டும் அடுக்கினேன். துளிர்த்தவை ஏதோ தப்பிப் பிழைத்தவை என்று விட்டுவிட்டேன். மற்றவர்களும் நன்றாக ஒத்துழைத்தார்கள். கோழியை அடைக்கு வைத்தால் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நடுவதற்கு நிலம் பிரித்த கங்காணி, என் கைக்கு எந்த மண்ணானாலும் ஒன்றுதான் என்று, ரப்பர் மரங்களின் அடியில் கிடந்த கடைசித் துண்டைக் கொடுத்தார். அதுவும் நியாயமாகவே பட்டது.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்; போனவர் யாரும் திரும்பியதில்லை. கல்யாணமாகாதவர்களைத்தான் முதலில் லாரியில் ஏற்றுவார்கள் என்று பேச்சு. தோட்டமெங்கும் திடீர்க் கல்யாணங்கள். எனக்கும் பக்கத்து ஊரான செமிலிங்கில் ஒரு பெண் பார்த்தார்கள். சந்தையில் ஏற்கெனவே நான் திரும்பித் திரும்பிப் பார்த்த பெண்! சித்தப்பாவுடன் பெண் பார்க்கப் போனபோது என் கால்கள் ரோட்டில் பதியவே இல்லை.

அவித்த மரவள்ளியும் சர்க்கரையில்லாக் காப்பியும் வந்தன. என் கொல்லை எப்படி விளைகிறது என்று பெண்ணின் அப்பா விசாரித்தார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளையின் தகுதியே கிழங்குதான். பழகிப்போன வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"எனக்குக் கைராசி இல்லைங்க மாமா."

சித்தப்பா என் தொடையைக் கிள்ளினார். பெண்ணின் அப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கடலோரத்துக் கோத்தா கோலா மூடாவில் மீன் கிடைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வந்தவர்களை மரியாதையாக வழியனுப்பும் பேச்சு அது. பெண்ணும் போயிற்று, இனி லாரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது உள்ளே சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல். "எங்க நட்டாங்கன்னு கேளுங்கப்பா."

ரப்பர் மரத்தடியில், கைராசி இல்லாதவனுக்கு அது போதும் என்று கங்காணி கொடுத்த இடத்தில் என்றேன்.

"வெயிலே படாம கெழங்கு எப்படி வரும்? சரி, அதுக்கு முன்னால நட்டது?"

அது நல்ல வறட்சிக் காலம். அந்த மாதம் எல்லாருடைய குச்சிகளும்தான் காய்ந்தன. சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது நினைவுக்கு வந்தது. எதையும் மறக்காதவன் என்று பெயரெடுத்த நான், பக்கத்துப் பாத்திகளை எப்படியோ மறந்திருந்தேன்.

"கைராசி இல்லன்னு அந்த எடத்தக் குடுத்தாங்களா, அந்த எடத்தக் குடுத்ததால கைராசி இல்லாமப் போச்சா?"

சாக்கு குலுங்கியது. அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தம் கொல்லையில் ஒரு பாத்தியைக் காட்டி, அதில் என்னை நடச் சொன்னார். "துளுக்கட்டும் தம்பி. அப்புறம் பேசுவோம்லா."

நட்டுவிட்டு வந்தேன். அதன்பின் ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிந்தேன். அடுத்ததற்கு அடுத்த ஓய்வு நாள் வந்ததும் செமிலிங்குக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். குச்சிக்குக் குச்சி செந்துளிர்!

அவள் அப்பா துளிர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மிச்சப் பாத்தியையும் நட்டுவிட்டுப் போகச் சொன்னார், அவ்வளவுதான். நான் பறந்து பறந்து நட்டேன். அவள் குச்சி எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவள், குனிந்து மெல்லச் சொன்னாள்.

"தலகீழா நடுறீங்க."

பார்த்தேன். வரிசை முழுக்கக் கணுவின் முளை கீழ்நோக்கி நின்றது.

"விடு புள்ள," என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே. "மாப்பிள்ளை கைராசிக்கு எப்படி நட்டாலும் வரும்."

நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் பிடுங்கித் திருப்பி நட்டோம்.