பத்து கிலோ தலையணை

நான் ஆன்லைனில் இலவம்பஞ்சுத் தலையணை விற்கிறேன். மாதத்துக்கு நாலைந்து ஜோடி போனால் பெரிய காரியம்.

ஒரு ஜோடி இரண்டு கிலோதான். ஆனால் ஆப்பில் கூரியர் பதிவு செய்தால் பத்து கிலோவுக்குப் பணம் பிடிக்கிறார்கள்.

போன வாரம் உதவி எண்ணை அழைத்துக் கேட்டேன்.

"பெட்டி அடைக்கிற இடத்தைத்தான் மேடம் எடையா எடுப்போம்," என்றது ஒரு பெண் குரல்.

"உள்ள பஞ்சாக்கும் மக்களே."

"கம்பெனி ரூல் மேடம்."

சரி. ரூல் என்றால் இரண்டு பேருக்கும்தானே.

இன்று காலை பெங்களூருக்குப் போக வேண்டிய ஜோடியைப் பெட்டியில் அமுக்கி வைத்து, கிடைத்த இடுக்கில் எல்லாம் வீட்டுத் தேங்காயைத் திணித்தேன். தராசு பத்தைத் தொட்ட பிறகுதான் கை நின்றது. ஒரு கிராம்கூட அவர்களுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பார்சல் எடுக்க வரும் பிஜு தனுவச்சபுரத்துக்காரன். எப்போதும் பைக்கில் இருந்தபடியே பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இன்றும் அப்படித்தான் கையை நீட்டினான். பெட்டி அவனைக் கீழே இழுத்தது.

"எக்கா, தலவாணிக்க உள்ள ஆராக்கும் கெடக்கது?"

"நிங்க கம்பெனி சொன்ன எடைதான் மக்கா. வேணுமெங்கி போன் போட்டுக் கேளு."

பாவம், அவனோடு எனக்குப் பகையில்லை. மறுபக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன்.

பெங்களூருக்காரருக்கு இந்த மாதம் தேங்காய்ச் செலவு மிச்சம்.

தேங்காய் தீர்ந்தாலும் கவலையில்லை, அடுக்களைக்குப் பின்னால் ஒரு பழைய ஆட்டுக்கல் குழவி சும்மா கிடக்கிறது. அடுத்த ஜோடி யாருக்கு அனுப்ப?