ஸ்தோத்திர ஜெபத்தில் விலகிய மூட்டு

வலி முதலில் இடுப்பில் வரவில்லை, முழங்காலில் வந்தது. அதனால் கொஞ்ச காலம் முழங்காலுக்கே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். நான் பஸ் கண்டக்டர். பாறசாலையிலிருந்து பனச்சமூடு போகும் வண்டியில் நாள் முழுக்க நின்றே பிழைத்தவன். நிற்கிறவனுக்குக் கால் வலிப்பதில் என்ன அதிசயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் வளைவில் வண்டி திரும்பியபோது இடது கால் என்னைத் தாங்கவில்லை. கையிலிருந்த டிக்கெட் கட்டுகளோடு ஒரு மரச்சீனிக் கிழங்கு மூட்டையின் மேல் விழுந்தேன். மூட்டைக்காரர் என்னைத் தூக்குவதற்கு முன் மூட்டையைத் தடவிப் பார்த்தார். டிரைவர் சுகுமாரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தான்.

"தங்கண்ணே, இது எண்ணெய்க்கு அடங்குத வலி இல்ல கேட்டியளா. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

திருவனந்தபுரத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடையெலும்பின் மேல்முனை பந்து மாதிரி இருக்கும். அந்தப் பந்துக்கு ரத்தம் போகாமல் அது இறந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற மனிதனுக்குள் எலும்பு மட்டும் தனியாகச் சாகும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும் என்றார் (இறந்த பந்தை வெட்டி எடுத்துவிட்டு, தண்டோடு கூடிய உலோகப் பந்தைத் தொடையெலும்புக்குள் இறக்குவது, இடுப்புக் குழியிலும் ஒரு செயற்கைக் கிண்ணம் வைப்பார்கள்).

என் தங்கை லில்லி ஜெர்மனியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் அவசரப்பட வேண்டாம் என்றாள்.

"அண்ணா, இங்க ஒரு மிஷின் உண்டு. கம்ப்யூட்டர் படத்தப் பாத்து அதுவே எலும்பக் குடையும். மனுஷக் கையில வாற பிசகு அதுல வராது ஆக்கும். கொஞ்சம் பொறுங்க, நான் இங்க ஏற்பாடு செய்யுதேன்."

அதன்பின் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மிஷினா, கையா என்று ஆளுக்கொரு கட்சி. டிப்போவிலும் செய்தி பரவிவிட்டது. மிஷின் வைத்த காலுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் தயக்கம் மனதில் நன்றாகவே வேர்விட்டிருந்தது. கையால் செய்வது மட்டமானது என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் போகாது.

டாக்டரிடமே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அவர் பேசியது மலையாளத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். "அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். என் கையைவிட அது ஒழுங்காகக் குடையும் என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கேயும் தசையை விலக்குவதும் தைப்பதும் டாக்டர்தான். நீங்கள் காத்திருந்தால் கால் இன்னும் குட்டையாகும். இந்தக் காலை வைத்து உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?"

"ஓடுற பஸ்ஸில நிக்கணும் சார்."

"நிற்கலாம் என்றுதான் நினைக்கிறேன். மூட்டு விலகாமல் இருந்தால்."

அவர் கையே போதும் என்று ஒப்புக்கொண்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். எனக்கு நினைவு இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். வலி இல்லை, என் உடம்புக்குள் யாரோ தச்சு வேலை பார்ப்பது மட்டும் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் லில்லியின் மிஷினை நினைத்துக்கொண்டேன். அது இப்படி அடிக்காமல் மெதுவாக முனகிக்கொண்டே குடையும்போலும்.

வீட்டுக்கு அனுப்பும்போது செய்யக்கூடாதவற்றைச் சொன்னார்கள். தரையில் உட்காரக்கூடாது, குத்தவைக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, தாழ்ந்த நாற்காலி ஆகாது. என் மனைவி கமலம் அதை வேதபாடம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டாள். கக்கூஸில் நடுவே ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வந்தது. தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. வாக்கர் பிடித்து முற்றம்வரை நடந்தேன். பிறகு கம்பு ஒன்றே போதும் என்றானது. சுகுமாரன் வந்து பார்த்துவிட்டு, "மணியடிக்க ஆளில்லாம வண்டி அழுவுது, சீக்கிரம் வாங்க" என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைப்பது எங்கள் சபையின் வழக்கம். போதகரும் அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். எல்லோருக்கும் பாய். எனக்கு மட்டும் உயரமான நாற்காலி. பாட்டு முடிந்ததும் போதகர், "முழங்கால்படியிட்டு ஜெபிப்போம்" என்றார்.

எல்லோரும் முழங்காலில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

யோசித்துச் செய்யவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் அந்தச் சொல்லைக் கேட்டால் முழங்கால் மடங்கும், அன்றும் மடங்கியது. நெற்றி தரையில் படக் குனிந்தேன். கமலம் உட்பட யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். என் நடையைத் திருப்பித் தந்ததற்காகப் போதகர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நன்றி முடியும் முன்னே குனிந்தபடி இடுப்பைத் திருப்பி எழப் பார்த்தேன். உள்ளே ஏதோ களுக்கென்று நழுவியது. நான் போட்ட சத்தத்தில்தான் கண்களைத் திறந்தார்கள்.

"எனக்க இயேசப்பா, இதென்ன கோலம்! யாரு ஒங்கள எறங்கச் சொன்னா?" என்று கமலம் அழுதாள். போதகர்தான் சொன்னார். பாவம், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜீப்பில் கிடத்தித் திருவனந்தபுரம் கொண்டுபோனார்கள். வழியில் சாலை ஒவ்வொரு குழியாக எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தது. மயக்கம் கொடுத்து மூட்டை இழுத்து உட்கார்த்தினார்கள் (பந்து கிண்ணத்திலிருந்து வெளியே வந்துவிட்டதால் அதை மறுபடி உள்ளே செலுத்துவது). மறுநாள் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"முழங்கால்படியிடுவீர்களா என்று நான் கேட்கவே இல்லை" என்றார்.

"நானும் சொல்லல்ல சார். அந்த மிஷின் செய்திருந்தா இது வெலகியிருக்காதா?"

"தெரியாது என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். ஆனால் அதற்குக் கொடுக்கும் படத்திலும் உங்கள் எலும்புதான் இருக்கும், உங்கள் பழக்கம் இருக்காது." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒருமுறை விலகியது மறுபடியும் விலகலாம். ஓடும் பஸ்ஸில் நிற்கலாம் என்று நான் இனி எழுதித் தர மாட்டேன்."

கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? நன்றி சொல்லப்போய் இழந்ததைக் கர்த்தரிடம் எந்த வாயால் கேட்பது?

லில்லி போனில் அழுதாள். "அங்க யாரும் முழங்கால்படியிடமாட்டாவளாடி?" என்று கேட்டேன். "இங்க கோயில்ல ஆளே இல்லண்ணா" என்றாள். அழுகைக்கு நடுவே இருவரும் சிரித்துவிட்டோம்.

மூட்டு மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெட்டுவது கையா மிஷினா என்று கேளுங்கள், தப்பில்லை. அதோடு நீங்கள் எப்படி உட்காருவீர்கள், எப்படிச் சாப்பிடுவீர்கள், எப்படிக் கும்பிடுவீர்கள் என்பதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வெட்கப்படாமல் செய்தே காட்டிவிடுங்கள்.

இப்போது டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலை. பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். முன்பெல்லாம் குடும்ப ஜெபத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர நான் இருந்ததே இல்லை. அந்நேரம் பஸ்ஸில் இருப்பேன். இப்போது கமலம் முழங்காலில் நிற்கிறாள், நான் நாற்காலியில் இருக்கிறேன். கண்ணை மூடினாலே முழங்கால்கள் மடங்கத் துடிக்கின்றன. இரண்டு கையாலும் அவற்றைப் பிடித்துக்கொள்கிறேன். என் உடம்பில் நான் முன்போலக் குடியிருப்பவன் இல்லை, காவலுக்கு இருப்பவன்.

ஒரு மாலை கவனித்தேன். எங்கள் வீட்டை ஒட்டிய வளைவில் பனச்சமூடு வண்டி ஹாரன் அடித்தது. ஜெபத்தின் நடுவே கமலத்தின் குரல் நின்றது. வண்டி தாண்டிய பிறகுதான் தொடர்ந்தாள். மறுநாளும் அப்படியே. சத்தத்துக்காகவா நிறுத்துகிறாய் என்று கேட்டேன்.

"இல்ல. நீங்க வண்டியில போன காலம் தொட்டே அப்பிடித்தான். வளைவு தாண்டுற சத்தம் கேட்டா நீங்க சொகமா இருக்கியன்னு ஆச்சு. அதுக்குப் பெறவுதான் ஆமென் சொல்லுவேன்."

"இப்ப நான் இங்கதானே இருக்கேன்?"

"வாய் தன்னால நிக்குது. நான் என்ன செய்ய?"

இன்றைக்கும் ஹாரன் கேட்டது. அவள் குரல் நின்றது. நாற்காலியில் இருந்தபடியே என் இடது கால் தரையை அழுத்தி, உடம்பு வளைவுக்குச் சாய்ந்துகொடுத்தது. வண்டி தாண்டும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு அவள் ஆமென் சொன்னாள்.